தொட்டியில் ஊறிய கற்கள்

எங்கள் விடுதி அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரு ஜன்னல், அப்புறம் ஒரு மூட்டை கண்ணாடித்தூள். மூட்டை என்னுடையதில்லை. நான் வரலாறு படிக்கிறவள். என் படிப்பிலும் தூசி உண்டு, ஆனால் அது நூலகத்தோடு நின்றுவிடும். மூட்டை என் அறைத்தோழியுடையது. அவள் கட்டடப் பொறியியல், கடைசி வருடம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அதை வருகைப் பதிவு எடுக்கிறவர்கள் மட்டும்தான் உபயோகித்தார்கள். கேன்டீன்காரர் முதல் வார்டன் மேடம் வரை வளாகத்தில் எல்லோருக்கும் அவள் சிமெண்ட்.

பெயருக்குக் காரணம் தேடவே வேண்டாம். தலைமுடியில், காதுமடலில், செருப்பு வாரில் எப்போதும் ஒரு சாம்பல் பூச்சு. குளித்துவிட்டு வந்தாலும் போகாது. கைபேசியில் காது வைக்கும் ஓட்டையில்கூட சிமெண்ட் போய் அடைத்துக்கொண்டு, அவள் யாரோடு பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அவள் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு எந்தத் தடத்தில் வேலை, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எங்கள் மாடியில் எல்லோருக்கும் அத்துப்படி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அவளுக்கு வரவே வராது. எனக்குப் பாதிக் கோபம் அதனாலேயே வந்தது. கொடியில் காயப்போட்ட அவள் துண்டை எவளாவது எடுத்துப் போய்விட்டால், "அவளுக்கு அவசரமா இருந்திருக்கும்" என்பாள். சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நடுவே புகுந்தால் ஒதுங்கி இடம் விடுவாள். "நீ என்ன மனுஷியா, கதவா? வர்றவங்களுக்கெல்லாம் திறந்து விட்டுக்கிட்டு?" என்று நான் கத்துவேன். "நீ செத்துப்போன ராஜாக்களோட சண்டை போடு, என்னை விடு" என்று சிரிப்பாள்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவள் இரும்பு. அது அவள் கான்கிரீட்.

கேன்டீனில் வீசியெறிகிற கண்ணாடிப் பாட்டில்களைப் பொறுக்கிவந்து, இடித்து, சலித்து, மணலில் ஒரு பங்குக்குப் பதிலாக அந்தத் தூளைப் போட்டால் கான்கிரீட் தாங்குமா தாங்காதா என்பதுதான் அவள் ஆய்வு. தாங்கும் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கலவையை இரும்பு அச்சில் போட்டு, கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றி, முக்கால் சாண் அளவுக்குச் சதுரக் கல்லாக வார்க்க வேண்டும். அதை இவர்கள் க்யூப் என்பார்கள். அச்சைக் கழற்றியதும் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள் எடுத்து, இயந்திரத்தின் வாய்க்குள் வைத்து, உடைகிறவரைக்கும் மெதுவாக, ஒரே சீராக அமுக்க வேண்டும். எந்த இடத்தில் உடைகிறதோ அந்த எண்தான் முடிவு. மூன்று க்யூபின் சராசரி. ஒரு மாதம் ஊறுகிறது, ஒரு நிமிடத்தில் பொடிப்பொடியாகிறது. "இதுக்கு நீ சும்மா சுவத்துல தலையை முட்டிக்கலாம்டி" என்று முதலில் கேட்டபோது சொன்னேன்.

போன பருவத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. இருபத்தெட்டாம் நாள் காலையில் தலைசீவி, பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி லேபுக்குப் போனாள். இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகுகிறது, ரிப்பேர்காரர் வரவேண்டும் என்றார்கள். நாளைக்கு என்றார்கள், திங்கட்கிழமை என்றார்கள். துறை அலுவலகத்தில் கொடுத்த புகார் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ரிப்பேர்காரர் வந்து சேர்ந்தபோது இருபத்தெட்டு நாள் தாண்டி க்யூபுக்கு வயசாகிவிட்டது. வயசான க்யூபின் எண்ணைச் சேர்க்கக்கூடாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். இயந்திரம் கெட்டதற்கு இவளுக்கு ஒரு பருவம் தண்டனை.

இந்தப் பருவம் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. பருவம் முடிந்ததும் சேர வேண்டும், அதற்குமேல் காத்திருக்கமாட்டோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். சின்ன வயதில் அப்பாவின் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், "இதை யாருப்பா கட்டினாங்க?" என்று கேட்பாளாம். அவர் ஹாரன் அடித்துவிட்டு, "நீதான் இனிமே கட்டணும்" என்பாராம். அந்த வேலை அவளுக்கு அப்படிப்பட்ட வேலை.

அதனால் இந்த முறை புதிதாக மூன்று க்யூப் வார்த்தபோது அவள் செய்த அலங்காரத்தைப் பார்க்க வேண்டுமே! நானும் கூடப் போயிருந்தேன், தண்ணீர் அளந்து ஊற்ற. மூட்டிய அச்சின் இடுக்கைத் துணியால் துடைத்தாள், மேல்முகத்தைக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினாள். மறுநாள் அச்சைக் கழற்றியபோது ஒரு மூலைகூட மழுங்கவில்லை. தட்டினால் கணீரென்றது. அடையாளம் போட வேண்டும். மார்க்கர் மை தொட்டித் தண்ணீரில் கரைந்துவிடும், எல்லோருடைய க்யூபும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"உன் நெயில் பாலிஷ் குடுடி."

"ஐயோ, அந்தச் சிவப்பா? அது எனக்கே இப்பதான் கிடைச்சுது."

"உன் நகம் இருபத்தெட்டு நாள் தண்ணிக்குள்ள இருக்கப் போகுதா? குடு."

மூன்று கல்லுக்கும் என் சிவப்பில் ஒரு சின்னப் பிறை வரைந்தாள். தொட்டியின் மூலையில் பக்கத்தில் பக்கத்தில் இறக்கி வைத்தாள். தொட்டி விளிம்பில், 'தயவுசெய்து தொடாதீர்கள், சோதனைக்கு உரியவை' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். அப்புறம் தினமும் வகுப்பு முடிந்ததும் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "குழந்தைங்க நல்லா இருக்காங்களா?" என்று நான் கேட்பேன். "தூங்குறாங்க" என்பாள்.

இருபத்தேழாம் நாளில் பெற்றோர் வருகை நாள் வந்து தொலைத்தது.

அந்த நாளுக்காக வளாகத்தை எப்படி மாற்றினார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாதக்கணக்கில் ஒழுகிய குளியலறைக் குழாய் நின்றது. எரியாத விளக்கெல்லாம் எரிந்தது. நாங்கள் இருக்கும்போது செய்யத் தோன்றாததெல்லாம் எங்கள் அப்பா அம்மா ஒருநாள் வருகிறார்கள் என்றதும் தோன்றியது. கடைசி வருட மாணவர்கள் எல்லோரும் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு. சிமெண்டை நுழைவாயிலில் நிறுத்தி, வருகிறவர்கள் சட்டையில் அட்டை குத்தச் சொல்லிவிட்டார்கள். நகரவே முடியாது.

"அப்பா வர்றாரு. நீ கூட்டிட்டுப் போய் எல்லாம் காட்டுடி. முக்கியமா என் லேபைக் காட்டு" என்றாள்.

அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அம்மாவால் படியேற முடியாதென்று வரவில்லை. வளாகத்துக்குள் சுற்றும் வண்டியில் ஏறினதும் ஓட்டுநரிடம், "கிளட்ச் ரொம்ப அடிவாங்குது போல" என்று விசாரித்தார். நூலகத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இவ்வளவையும் நீங்க படிக்கணுமாம்மா?" என்றார். என் துறையைக் காட்டினேன். பழைய நாணயங்கள் இருந்த பெட்டியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். மனசு அங்கே இல்லை என்று தெரிந்தது. "பாப்பா லேப் எங்கம்மா இருக்கு?" என்று மறுபடியும் கேட்டார்.

கான்கிரீட் லேபில் கூட்டம் நெரித்தது. துறைத்தலைவர் கழுத்துப்பட்டியோடு நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு குழுவுக்கு க்யூப் உடைத்துக் காட்டிவிட்டார்களாம், உடைகிற சத்தத்தில் மேல்மாடி வரைக்கும் அதிர்ந்ததாம். கதவருகே நின்ற பெண் சொன்னாள். தொட்டி மேசைகளுக்கு அப்பால், சுவரோரமாக இருந்தது. முன்னால் நின்றவர்கள் தலைகளுக்கு நடுவே எனக்கு அது தெரியவில்லை.

"இப்ப கடைசி ஒண்ணு. பெற்றோர்ல யாராவது வந்து இயக்கலாம்" என்றார் துறைத்தலைவர்.

சிமெண்டின் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். கூட்டம் சிரித்துக்கொண்டே வழிவிட்டது. லேப் உதவியாளர், எங்களுக்கெல்லாம் லேப் அண்ணா, அவர் கையைப் பிடித்து இயந்திரத்தின் வால்வுப் பிடியில் வைத்தார். "முழுசாத் திறந்துடுங்க சார், அப்பதான் நல்லா இருக்கும்." அவர் திறந்தார். இயந்திரம் உறுமியது. கல் அசையவில்லை. உறுமல் ஏறிக்கொண்டே போனது. கல் அப்போதும் அசையவில்லை. பிறகு ஒரு வெடி. இயந்திரத்தைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டுக்குள் புழுதி கிளம்பியது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா திரும்பி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், கும்பிட்டார்.

"இவ்வளவு தாங்கின க்யூபை நானே பாத்ததில்ல. எங்க மாணவர்களோட தரம் இதுதான்" என்றார் துறைத்தலைவர். ஞாபகத்துக்கு ஒரு துண்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். இவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார். பை தாங்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

விடுதலை கிடைத்ததும் சிமெண்ட் ஓடிவந்து எங்களைக் கேன்டீன் வாசலில் பிடித்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாப்பா! நான் ஒரு கல்லு ஒடைச்சேன்! உங்க பெரிய சாரு பக்கத்துலயே நின்னாரு. என்னமா தாங்குச்சு தெரியுமா? இந்தா பாரு!"

கைக்குட்டையைப் பிரித்தார். அவள் வாங்கி, சிரித்துக்கொண்டே திருப்பினாள். ஒரு முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதன் ஓரத்தில், பாதி உடைந்து, என் சிவப்புப் பிறை.

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அந்தப் பிறையை விட்டு நகரவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் சத்தம் எப்படி வந்தது என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குப்பா" என்று சொல்லி, மறுபடியும் கைக்குட்டையில் சுற்றி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவரை வண்டி ஏற்றிவிட்டு லேபுக்கு ஓடினோம். தொட்டி மூலையில் மூன்று இடம் காலி. ஒட்டியிருந்த தாளைக் காணோம். லேப் அண்ணா துடைப்பத்தோடு நின்றார்.

"வர்றவங்க பாத்தா அசிங்கமா இருக்கும், எல்லாத் தாளையும் கிழிச்சிடுன்னு சார்தான்மா சொன்னாரு. உன்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குப்பையில அவ்வளவு பழைய க்யூப் கிடக்கே, அதை உடைச்சா ஆகாதா?" என்று நான் பாய்ந்தேன்.

"போன வருஷம் அதைத்தான் உடைச்சோம். சத்தமே இல்லாம உதிர்ந்துபோச்சு. வந்திருந்த பெரிய மனுஷர், 'அவ்வளவுதானா?'ன்னு கேட்டுட்டாரு. சாருக்கு மானம் போச்சு. இந்தத் தடவை நல்லா சத்தம் போடுறதா பாத்து எடுன்னாரு. நான் தொட்டியில ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தேன். இந்த மூணுதான் கணீர்னு இருந்துச்சு."

சாதாரணமாக வார்த்திருந்தால் பிழைத்திருக்கும். அவள் மட்டும் கொஞ்சம் ஏனோதானோவென்று இருந்திருந்தால், எவனோ ஒருவனின் க்யூப் போயிருக்கும்.

மறுநாள் துறைத்தலைவர் அறைக்குப் போனோம். நான் கூட வரக்கூடாதென்றாள், போனேன்.

"அடடா, உன்னோடதா அது? பெருமைப்படும்மா. எல்லாரும் அசந்துட்டாங்க" என்றார்.

"சார், உடைஞ்சப்ப மெஷின்ல வந்த ரீடிங் யாராவது எடுத்தீங்களா?"

"ஷோவுக்கு யாரும்மா ரீடிங் எடுப்பாங்க? எடுத்தாலும் செல்லாதே. ஒரே அடியா முழு வேகத்துல அமுக்கினது. உனக்குத் தெரியாததா?"

"அப்ப நான் சமர்ப்பிக்க ஒரு மாசம் அவகாசம் குடுங்க சார். மறுபடியும் வார்த்து..."

"அது எப்படிம்மா? உனக்கு ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. விதின்னு ஒண்ணு இருக்கு இல்ல? அடுத்த பருவம் நிதானமா செய். அவசரப்பட்டா தரம் போயிடும்."

தரமாம்! நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள். என் துறையாக இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்கமாட்டேன். ஆனால் என் துறையில் அவர் என்னத்தை உடைத்திருக்க முடியும்? வெளியே வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்குச் சூடு சொரணை இருக்கா இல்லையா? ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே!"

"கத்தினா கல்லு ஒட்டிக்குமா?" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அழவில்லை. நேராக லேபுக்குப் போய் அச்சுகளைக் கழுவத் தொடங்கினாள்.

கம்பெனிக்காரர்கள் சொன்னபடியே செய்தார்கள். வேறொருவரை எடுத்துக்கொண்டோம், வாழ்த்துகள் என்று இரண்டே வரி.

அப்பாவிடம் நடந்ததைச் சொல்லிவிடு என்று நான் தினமும் நச்சரித்தேன். "ஸ்கூலைப் பாதியில விட்டவருடி அவரு. காலேஜ்ல அவரைக் கூப்பிட்டு ஒண்ணு செய்யச் சொன்னாங்க, அத்தனை பேர் கைதட்டினாங்க. டிப்போ பூரா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு. அதைப் போய் நான் எப்படிடி ஒடைக்கிறது?" என்றாள். அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆனால் வேலை போனதைச் சொல்லித்தானே ஆகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டைமாடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, கைப்பிடிச் சுவரில் கைபேசியை வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். க்யூப் சரியாக வரவில்லை, இன்னொரு பருவம் ஆகும், கம்பெனியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அந்தப் பக்கம் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"என்ன பாப்பா இது? போன தடவை மெஷின் ரிப்பேர்ன்ன. சரின்னேன். இந்தத் தடவை என்ன?"

"சரியா அமையலப்பா."

"அமையலன்னா? கவனம் இல்ல, அதான். விளையாட்டுத்தனம். அந்தக் கூடத் தங்கியிருக்கிற பொண்ணு பேச்சையே கேட்டுக்கிட்டு உக்காந்திருப்ப."

கூடத் தங்கியிருக்கிற பொண்ணு நான்தான். கையில் இருந்த ஈரத்துணியை உதறக்கூட மறந்து நின்றேன்.

"பாலத்து வேலை, பாப்பா. எத்தனை பேருகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்." பிறகு கோபத்தை விட்டுவிட்டுப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற குரலுக்கு வந்தார். "இங்க பாரு. அன்னைக்கு நான் ஒடைச்சேனே, அந்தக் கல்லு. டிவி பக்கத்துலதான் வெச்சிருக்கேன். வர்றவங்க எல்லாம் கையில எடுத்துப் பாக்குறாங்க. மெஷினு அந்த அமுக்கு அமுக்குது, அசைஞ்சு குடுக்கலையே! அதையும் உன்ன மாதிரி ஒரு பிள்ளதானே செஞ்சிருக்கும்? அந்தப் பிள்ள யாருன்னு விசாரிச்சு, அதுகிட்டப் போய்க் கத்துக்கோ. இதுல கூச்சமெல்லாம் படக்கூடாது."

நான் துணியைப் போட்டுவிட்டுக் கைபேசியைப் பிடுங்கப் பாய்ந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கம்பி பிடித்துக் காய்த்துப்போன கை, விடுவிக்கவே முடியவில்லை.

"சரிப்பா" என்றாள். "விசாரிக்கிறேன்."

அவர் அம்மாவின் முட்டிவலியைப் பற்றிச் சொன்னார். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். பேசி முடித்த பிறகும் அவள் என் கையை விடவில்லை. அப்புறம் விட்டுவிட்டு, நான் கீழே போட்ட துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.

"நாளைக்கு வார்க்கணும். அந்த நெயில் பாலிஷ் மிச்சம் இருக்காடி?" என்று கேட்டாள்.

கொஞ்சம் இருந்தது. கீழே போய் எடுத்து வந்து கொடுத்தேன்.